கம்ப்யூட்டர் கேள்வி பதில்: டாட் நெட் கேக்குது, குடுக்கலாமா?

இந்த வாட்டி வந்த கேள்விகள்ல நெறைய ஒரே ரகம். ஒரு சாஃப்ட்வேர் போடப்போனா அது இன்னொன்ன கேக்குது, அந்த இன்னொன்னு யாருன்னே தெரியல, உள்ள விடலாமா வேண்டாமான்னு. அதனால அதையெல்லாம் ஒண்ணா எடுத்துக்கிட்டேன், பிரிண்டர், வைஃபை கேள்வி அனுப்புனவங்க அடுத்த இதழ் வரைக்கும் பொறுத்துக்கணும்.

கேள்வி: நான் ரிட்டயர்டு ஆசிரியர். பொழுதுபோக்கா ஜாதகம் கணிக்கறது உண்டு. பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வாங்குன ஜாதக சிடி ஒண்ணு, பழைய கம்ப்யூட்டர்ல நல்லா ஓடிட்டிருந்தது. இப்ப பையன் புது லேப்டாப் வாங்கிக் குடுத்திருக்கான், விண்டோஸ் 11. அதுல போட்டா "டாட் நெட் ஃப்ரேம்ஒர்க் 3.5 வேணும், டவுன்லோட் பண்ணவா"ன்னு ஒரு பெட்டி வருது. மச்சினர் பையன், "எது கேட்டாலும் நோ குடுங்க மாமா, உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது"ங்கறான். என்ன செய்யறது?
வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, மச்சினர் பையன் சொல்றதுல பாதி சரி, மீதி பாதிய அப்புறம் பாக்கலாம். மொதல்ல அது என்னன்னு பாத்துடுவோம்.

கல்யாணத்துக்கு சமைக்க வர்றவரு ஆளும் கரண்டியும் மட்டும்தான் கொண்டு வருவாரு, அண்டா, அடுப்பு, தண்ணி எல்லாம் மண்டபத்துல இருக்கும்னு நம்பித்தான் வர்றாரு. டாட் நெட் அந்த மண்டபத்து சாமான் மாதிரி. ஜாதக சாஃப்ட்வேர எழுதினவரு, ஸ்க்ரீன்ல பெட்டி வரையறது, தேதிக்கணக்கு, ஃபைல் சேமிக்கறது, பிரிண்ட் எடுக்கறது, இதெல்லாம் தானா எழுதல. மைக்ரோசாஃப்ட் செஞ்சு வச்சிருந்தத எடுத்து உபயோகிச்சிருக்காரு. இது மொதல்ல வந்தது 2002ல, நீங்க சொல்ற 3.5 வந்தது 2007ல. உங்க சிடி அந்த காலத்து சரக்கு, அதனால அந்த காலத்து சாமான கேக்குது, அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

"புது லேப்டாப்ல டாட் நெட் ஏற்கனவே இருக்காதா?"ன்னு கேப்பீங்க. இருக்கு. விண்டோஸ் 11ல 4.8, இல்லேன்னா 4.8.1 கூடவே வந்துடும். ஆனா 4ங்கறது ஒரு குடும்பம், 2, 3, 3.5 மூணும் சேந்து இன்னொரு குடும்பம். சி டிரைவ்ல விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போய் மைக்ரோசாஃப்ட் டாட் நெட்னு இருக்கறத திறந்து பாருங்க, நீங்க வச்சிருக்கறது 4.8 ஆனாலும் ஃபோல்டர் பேரு 4.0.30319ன்னு பழைய நம்பராவே இருக்கும், ஏன்னா 4 குடும்பத்துல புதுசு வந்தா பழசு மேலயே ஏறி உக்காந்துடும். 3.5 போட்டீங்கன்னா அதோட எஞ்சின் பக்கத்துல 2.0.50727ங்கற வேற ஃபோல்டர்ல போய் குடியிருக்கும், ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு மோதாது. அதனால "புதுசு இருக்கே, பழசு எதுக்கு"ன்னு கேட்டா உங்க சாஃப்ட்வேருக்கு புதுசோட ஒத்துப்போகத் தெரியாது, அவ்வளவுதான்.

இப்ப நம்பிக்கை விஷயம். உங்க லேப்டாப்ல ஓடறதே விண்டோஸ், உங்க பாஸ்வேர்டு, பென்ஷன் அக்கவுண்ட், பேரன் ஃபோட்டோ எல்லாம் ஏற்கனவே அந்த கம்பெனி எழுதின கோடு மேலதான் இருக்கு. விண்டோஸ நம்பிட்டு அதே கம்பெனியோட டாட் நெட்ட மட்டும் வாசல்ல நிறுத்தி வச்சு விசாரிக்கறதுல ஒரு லாபமும் இல்ல. நான் விசாரிக்கறதெல்லாம், இத எங்கேருந்து எடுக்கறோம், இத கேக்கற சாஃப்ட்வேர் யாரோடது, இதுக்கு இன்னும் எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும், இதுதான்.

எங்கேருந்துங்கறதுக்கு விடை சுலபம். கூகுள்ல தேடி வர்ற மொத லிங்க்க தொடாதீங்க, பாதி நேரம் அது விளம்பரம். கண்ட்ரோல் பேனல்ல "டர்ன் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் ஆன் ஆர் ஆஃப்"னு ஒரு எடம் இருக்கு, இப்ப வீடுகள்ல ஓடற விண்டோஸ் 11ல பெரும்பாலும் அங்கேயே 3.5 பேரு மேலயே இருக்கும், டிக் அடிச்சா விண்டோஸ் அப்டேட்லேருந்து அதுவே எடுத்துக்கும். உங்களுக்கு வந்த பெட்டியும் விண்டோஸே போட்டதுன்னா அதே வழியிலதான் எடுக்கும். சில பேருக்கு பாதியில எரர் காட்டி நின்னுடும், அப்ப விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற பென்டிரைவ் இருந்தா அதுக்குள்ளயே சோர்சஸ் ஃபோல்டர்ல இந்த ஃபைல் இருக்கு, தெரிஞ்ச பையன் யாராவது ரெண்டு நிமிஷத்துல போட்டுடுவான்.

அடுத்தது அந்த ஜாதக சிடி. எனக்கு சந்தேகம் வர்றது இங்கதான். இன்ஸ்டால் பண்ணும்போது ஸ்க்ரீன் முழுக்க மங்கலாகி "இந்த ஆப் உங்க கம்ப்யூட்டர்ல மாற்றம் செய்யலாமா"ன்னு ஒரு பெட்டி வரும் பாருங்க, எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டு எஸ் அடிக்கற பெட்டி. அத ஒரு தடவை நிதானமா படிங்க. மைக்ரோசாஃப்ட் சாமான்னா நீல பட்டை, வெரிஃபைடு பப்ளிஷர்னு பேரு இருக்கும். உங்க சிடிக்கு அனேகமா மஞ்சள் பட்டையும் அன்னோன் பப்ளிஷரும்தான் வரும். சின்ன ஊர்ல ஒருத்தர் ரெண்டு பேர் சேந்து எழுதின சாஃப்ட்வேர் அந்த காலத்துல டிஜிட்டல் கையெழுத்தெல்லாம் வாங்கல, அதனால மஞ்சள்னாலே திருட்டு சரக்குன்னு அர்த்தம் கிடையாது, ஆனா அது யாரோடதுன்னு விண்டோஸுக்கும் தெரியல, உங்களுக்கும் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. ஒரிஜினல் சிடின்னா ஆன்டிவைரஸ்ல ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு போடுங்க. யாரோ காப்பி போட்டு குடுத்த கிராக் பண்ண சிடின்னா வேண்டவே வேண்டாம், டாட் நெட் எவ்வளவு சுத்தமா இருந்தாலும் மேல ஓடறவன் கெட்டவனா இருந்தா அது தடுக்காது, ஏன்னா அந்த சாஃப்ட்வேருக்கு உங்களுக்கு இருக்கற அத்தனை உரிமையும் இருக்கு, உங்க ஃபைல் எல்லாத்தையும் படிக்கலாம்.

கடைசியா ஆயுள். 3.5க்கு மைக்ரோசாஃப்ட் அப்டேட் குடுக்கறேன்னு சொல்லியிருக்கறது 2029 ஜனவரி வரைக்கும். நீங்க போட்ட அப்புறம் விண்டோஸ் அப்டேட் லிஸ்ட்ல "டாட் நெட் 3.5 அண்ட் 4.8.1"ன்னு சேத்தே அப்டேட் வரும், அத நிறுத்தாதீங்க. நடுவுல ஒரு வேலை பண்ணுங்க, இத்தனை வருஷமா கணிச்ச ஜாதகத்தையெல்லாம் பிடிஎஃப்பா பிரிண்ட் எடுத்து தனியா வச்சிடுங்க. மைக்ரோசாஃப்ட் இருக்கும், அந்த சிடி போட்ட கம்பெனி இருக்கான்னு ஒரு ஃபோன் போட்டு பாருங்க.

கேள்வி: சார், நான் மதுரையில பி.எஸ்ஸி கம்ப்யூட்டர் சயின்ஸ் ரெண்டாவது வருஷம். சி ஷார்ப்ங்கற ப்ரோக்ராம் மொழி படிக்கறதுக்காக வீட்டு கம்ப்யூட்டர்ல டாட் நெட் போடணும். ஹாஸ்டல்ல ஒரு க்ரூப் ஃபுல்லா "க்ளோஸ்டு சோர்ஸ்னாலே ஸ்பைவேர்தான், ஓப்பன் சோர்ஸ் மட்டும்தான் சேஃப்"னு சண்டை போடறாங்க. உண்மையா?
வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்க ஹாஸ்டல் சண்டை ரொம்ப வருஷம் முன்னாடியே ஆரம்பிச்ச சண்டை, இன்னும் முடியல, இன்னிக்கும் முடியாது. ஆனா நீங்க போடப்போற டாட் நெட்டுக்கு அந்த சண்டையே பொருந்தாது, ஏன்னா அது ஓப்பன் சோர்ஸ், அதாவது அதோட கோட யார் வேணா திறந்து படிக்கலாம், கம்பெனி மூடி வச்சா அது க்ளோஸ்டு சோர்ஸ். 2014 நவம்பர்ல மைக்ரோசாஃப்ட் டாட் நெட் கோர்ங்கறத ஓப்பன் சோர்ஸ் ஆக்கறோம்னு அறிவிச்சாங்க, 2016ல 1.0 வந்தது, 2020ல "கோர்" பேரை தூக்கிட்டு டாட் நெட் 5ன்னு ஆயிடுச்சு, இப்ப வர்ற 8, 10 எல்லாம் அந்த வம்சம். எம்.ஐ.டி லைசென்ஸ், அதாவது யார் வேணா எடுத்து உபயோகிக்கலாம், கிட்ஹப்ங்கற சைட்ல கோடு முழுக்க கிடக்கு, லினக்ஸ்லயும் மேக்லயும் ஓடும். மேல ஐயாவுக்கு சொன்ன 3.5, 4.8 ரெண்டும் பழைய வம்சம், விண்டோஸ்ல மட்டும் ஓடறது. பேரு ஒண்ணா இருக்கறதால ஊரே குழம்பிக் கிடக்கு, பேரு வைக்கறதுல மைக்ரோசாஃப்ட அடிச்சுக்க ஆளே இல்ல.

ஆனா க்ளோஸ்டு பக்கம் சந்தேகப்படறவங்கள நான் கிண்டல் பண்ண மாட்டேன், அவங்ககிட்ட நல்ல சாட்சி இருக்கு. 2009 பிப்ரவரியில நடந்தது இது. விண்டோஸ் அப்டேட் வழியா டாட் நெட் 3.5 சர்வீஸ் பேக் 1 வந்துச்சு, வந்தது வந்துச்சு, கூடவே ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்குள்ள டாட் நெட் ஃப்ரேம்ஒர்க் அசிஸ்டென்ட்னு ஒரு ஆட் ஆன கேக்காம கொள்ளாம செருகிட்டு போயிடுச்சு. ஃபயர்ஃபாக்ஸ் மைக்ரோசாஃப்ட்டோடதே கிடையாது, போட்டி கம்பெனி சாமான். சரி எடுத்துடலாம்னு ஆட் ஆன் லிஸ்ட்டுக்கு போனா அன்இன்ஸ்டால் பட்டன் சாம்பல் கலர்ல செத்துக் கிடக்கு, அமுக்கவே முடியாது. விண்டோஸ் செட்டிங் எல்லாம் இருக்கற ரிஜிஸ்ட்ரிய திறந்து கையால எடுக்கணும்னு நெலமை. அப்புறம் கூச்சல் அதிகமாகவும் மே மாசம் வாக்குல எடுக்க வழி குடுத்தாங்க. அதோட முடியல. அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட்டே ஒரு பெரிய ஓட்டைக்கு பேட்ச் விட்டாங்க, அந்த ஓட்டை இதே அப்டேட்ல ஃபயர்ஃபாக்ஸ்க்குள்ள செருகின இன்னொரு ப்ளக்இன் வழியா ஃபயர்ஃபாக்ஸ் ஆளுங்களையும் கடிக்கும்னு தெரிஞ்சுது, ஃபயர்ஃபாக்ஸ் செய்யற மொஸில்லா ரெண்டையும் தூரத்துலேருந்தே பிளாக் பண்ணிட்டாங்க, அசிஸ்டென்ட்ட அப்புறம் விட்டாங்க. ஒரு ஃப்ரேம்ஒர்க்க உள்ள விடறோம்னா அந்த கம்பெனிக்கு நாளைக்கு வேற எதையும் கொண்டு வர்ற சாவியையும் சேத்து குடுக்கறோம்னு அர்த்தம், அத அவங்க ஒரு தடவை உபயோகிச்சும் காமிச்சாங்க. இத யாராவது "அதெல்லாம் சின்ன விஷயம்"னு சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

சரி, ஓப்பன் பக்கம் சுத்தமா? 2014ல ஹார்ட்ப்ளீட்னு ஒண்ணு, ஓப்பன் எஸ்.எஸ்.எல்ல இருந்த ஓட்டை, பாஸ்வேர்டு மாதிரி ரகசியத்த பூட்டி அனுப்ப ஏகப்பட்ட வெப்சைட் உபயோகிக்கற கோடு, எல்லாருக்கும் திறந்து கிடந்த கோடு, ரெண்டு வருஷம் யாரும் பாக்கல. 2024 மார்ச்ல எக்ஸ் இசட்ங்கற, ஃபைல சுருக்கற சாமான்ல ஒருத்தன் வருஷக்கணக்கா நல்லவனா நடிச்சு உள்ள வந்து பின்வாசல் வச்சுட்டான். அத கண்டுபிடிச்சவரு ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட், டெஸ்ட் மெஷின்ல லாகின் ஆக அரை நொடி கூடுதலா ஆகுதேன்னு நோண்டிப் பாத்திருக்காரு. கோடு திறந்திருந்ததாலதான் அவரால நோண்டவே முடிஞ்சுது, அது உண்மை. அவரு வேலை பாக்கற கம்பெனி மைக்ரோசாஃப்ட், அதையும் க்ரூப்ல போடுங்க, சண்டை இன்னும் ரெண்டு நாள் ஓடும்.

நீங்க போடறப்ப ஒண்ணு மட்டும் கவனிங்க. ப்ரோக்ராம் எழுதறதுக்கான எஸ்.டி.கே போட்டா, நீங்க எந்த கமாண்ட் அடிக்கறீங்கங்கற மாதிரி உபயோகத் தகவல அது மைக்ரோசாஃப்ட்டுக்கு அனுப்பும், நீங்க நிறுத்தலேன்னா அனுப்பிட்டே இருக்கும். மொத தடவை ஓட்டும்போதே ஸ்க்ரீன்ல டெலிமெட்ரின்னு ஒரு பாரா வரும், அதுலயே எப்படி நிறுத்தறதுன்னும் எழுதியிருக்கும், என்விரான்மென்ட் வேரியபிள் ஒண்ணு போடணும், அவ்வளவுதான். எழுதினத ஓட்ட மட்டும் உதவற ரன்டைம் போட்டா இந்த சமாச்சாரம் கிடையாது. அப்புறம் இரட்டைப்படை நம்பர் வெர்ஷனா பாத்து போடுங்க, அதுக்குத்தான் மூணு வருஷ சப்போர்ட்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஸ்லோவா இருக்குன்னு ஆப்ஸ் லிஸ்ட்ட திறந்து பாத்தா விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிப்யூட்டபிள்னு பதினாலு எண்ட்ரி இருக்கு, 2005, 2008, 2010ன்னு வரிசையா. நான் ஒண்ணுகூட போடல. யாரோ ஹேக் பண்ணிட்டாங்களா? எல்லாத்தையும் தூக்கிடலாமா?
வாசகி, கோயமுத்தூர்

பதில்: யாரும் ஹேக் பண்ணலம்மா. இதுவும் டாட் நெட் மாதிரி மைக்ரோசாஃப்ட்டோட மண்டபத்து சாமான்தான். நீங்க ஃபோட்டோ எடிட்டர், கேம், ஸ்கேனர்னு போட்டப்பல்லாம் ஒவ்வொண்ணும் தனக்கு வேண்டிய வருஷத்துத கூட்டிட்டு வந்திருக்கு, 32 பிட்டுக்கு ஒண்ணு 64 பிட்டுக்கு ஒண்ணுன்னு ரெண்டு ரெண்டா. தூக்கினா ஸ்பீடு ஒரு துளியும் ஏறாது, ஏன்னா அது சும்மா டிஸ்க்ல படுத்துக் கிடக்கறது, யாராவது கூப்பிட்டாதான் எழுந்திரிக்கும். ஆனா ஸ்கேனர் நின்னுடும், அப்புறம் எந்த வருஷத்துத தூக்கினோம்னு தெரியாம நீங்கதான் அலையணும்.

2015லேருந்து வந்ததெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போகும், அதனால அந்த பக்கம் ஒரே ஜோடி போதும். அதுக்கு முன்னாடி உள்ளதெல்லாம் சப்போர்ட் முடிஞ்சது, 2010க்கு 2020லயே முடிஞ்சுது, 2013க்கு 2024ல. முடிஞ்சத வச்சிருக்கறது நல்லதில்லதான், ஆனா அத தூக்கறதுக்கு சரியான வழி அத கேக்கற பழைய சாஃப்ட்வேர தூக்கறது. ஸ்லோவா இருக்கறதுக்கு காரணம் வேற எங்கயோ இருக்கு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்.எஸ்.டியான்னு பாத்து எழுதுங்க.

கேள்வி: வீட்டு கம்ப்யூட்டர்லயே என் பனியன் யூனிட் கணக்கும் பாக்கறேன். பென்டிரைவ் மாதிரி சொருகற டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேலை செய்ய ஜாவா போடணும்னு ஆடிட்டர் ஆபீஸ்ல சொன்னாங்க. ஆனா ஜாவாதான் வைரஸ் வர்ற வாசல்னு ஒரு காலத்துல பேப்பர்லயே போட்டாங்களே? அதுவுமில்லாம இப்ப காசு கேக்கறாங்கன்னும் சொல்றாங்க.
வாசகர், திருப்பூர்

பதில்: ஜாவாவும் டாட் நெட் மாதிரி மண்டபத்து சாமான்தான், கம்பெனி வேற. நீங்க சொன்ன ரெண்டும் காத்து வாக்குல வந்த சேதி கிடையாது, ரெண்டுலயும் விஷயம் இருக்கு, ஆனா ரெண்டும் வேற வேற.

வைரஸ் கதை பிரவுசர் ப்ளக்இன்னோடது. வெப்பேஜ்க்குள்ளயே ஜாவா ஓடும் ஒரு காலத்துல, பேங்க் சைட்கூட அப்படித்தான் இருந்துச்சு. 2012ல ஃப்ளாஷ்பேக்னு ஒரு ட்ரோஜன் அந்த வழியா ஆறு லட்சம் மேக் கம்ப்யூட்டர பிடிச்சுது, மேக்குக்கு வைரஸே வராதுன்னு நெஞ்ச நிமித்திட்டு இருந்தவங்க எல்லாம் அன்னிக்கு அமைதியானாங்க. 2013 ஜனவரியில அமெரிக்க உள்நாட்டு பாதுகாப்புத் துறையே பிரவுசர்ல ஜாவாவ நிறுத்திடுங்கன்னு சொல்லிடுச்சு, நீங்க பேப்பர்ல படிச்சது இதுவா இருக்கும். அந்த ப்ளக்இன் இப்ப வழக்கமான பிரவுசர்ல ஓடாது. க்ரோம் 2015லயும் ஃபயர்ஃபாக்ஸ் 2017லயும் அதுக்கு கதவ சாத்திட்டாங்க. இப்ப உங்க டோக்கனுக்கு வர்றது பிரவுசருக்கு வெளிய, கம்ப்யூட்டர்ல தனியா ஓடற ஒரு சின்ன சர்வீஸ், அது ஜாவாவ உபயோகிக்குது. பழைய ஆபத்து அப்படியே இதுல இல்ல. ஆனா கையெழுத்து போடற சர்வீஸ் நாள் பூரா பின்னாடி ஓடணும்னு அவசியமா? கையெழுத்து போடற அன்னிக்கு ஆன் பண்ணுங்க, முடிஞ்சதும் நிறுத்துங்க, டோக்கன சொருகியே வைக்காதீங்க, இது ஜாவாவ விட முக்கியம்.

காசு கதை இது. ஜாவா செஞ்சது சன் கம்பெனி, 2010ல ஆரக்கிள் வாங்கினாங்க. 2019 ஏப்ரல்ல ஜாவா 8ஓட லைசென்ஸ மாத்தினாங்க, சொந்த உபயோகத்துக்கு ஓசி, பிசினஸ்க்குன்னா புது அப்டேட்டுக்கு சந்தா கட்டணும்னு. நேத்து வரைக்கும் சும்மா குடுத்தத திடீர்னு பில் போட்டாங்கன்னு பெரிய பெரிய கம்பெனியே அலறிச்சு. 2023ல சந்தா கணக்க ஆள் கணக்குக்கு மாத்தினாங்க, ஜாவா தொட்ட ஆள் எத்தனைன்னு கிடையாது, மொத்த வேலையாள் எத்தனைன்னு. ஓனர் கம்பெனி மனசு மாறினா நாம என்ன செய்ய முடியும்ங்கறதுக்கு இத விட நல்ல உதாரணம் எனக்கு தெரியாது. அதே சமயம் தப்பிக்கற வழியும் அதுக்குள்ளயே இருந்துச்சு, சன் கம்பெனி 2006, 2007 வாக்குலயே ஜாவாவோட கோட ஓப்பன் பண்ணிட்டாங்க, அதனால அதே ஜாவாவ மத்தவங்களும் செஞ்சு குடுக்கலாம். எக்லிப்ஸ் ஃபவுண்டேஷன் ஆதரவுல டெமுரின்னு ஒண்ணு ஃப்ரீயா வருது, பிசினஸ்க்கும் ஃப்ரீ, அப்டேட்டும் ஒழுங்கா வருது.

உங்க யூனிட் கணக்கு அதே கம்ப்யூட்டர்ல இருக்கறதால "வீட்டு கம்ப்யூட்டர்தானே"ன்னு ஆரக்கிள் ஜாவா 8 போடறது வம்பு. ஆடிட்டர் ஆபீஸ்ல ஒண்ணு கேளுங்க, அந்த கையெழுத்து சாஃப்ட்வேர் ஜாவாவ தன்கூடவே கொண்டு வருதா, இல்ல தனியா போடணுமான்னு. கூடவே வந்தா ஒண்ணும் செய்ய வேணாம். தனியான்னா மொதல்ல டெமுரின் 8 போட்டு பாருங்க, பெரும்பாலும் ஓடிடும். எதப் போட்டாலும் நெக்ஸ்ட் நெக்ஸ்ட்னு தட்டாதீங்க, ஜாவா இன்ஸ்டாலர் கூடவே ஆஸ்க்ங்கற தேடற சைட்டோட டூல்பார டிக் போட்ட நிலையிலயே வச்சு பல வருஷம் குடுத்தாங்க, காசு வாங்கற கம்பெனிதான் அதையும் செஞ்சுது.

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கட வீட்டில பிள்ளையளுக்கு எண்டு முந்தி வாங்கின தமிழ் அரிச்சுவடி சிடி ஒண்டு கிடக்கு, படம் எல்லாம் ஆடிப் பாடும். இப்ப மருமகளின்ர பிள்ளைக்கு போட்டுக் காட்டுவம் எண்டு பாத்தால் ஃப்ளாஷ் பிளேயர் வேணுமாம். இன்டர்நெட்டில தேடினால் கனக்க இடத்தில தாறாங்கள். எடுக்கலாமோ?
வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: எடுக்காதீங்கம்மா. ஃப்ளாஷ் செத்துப்போச்சு, இப்ப அந்த பேர்ல குடுக்கறவன் எவனும் நல்லவனா இருக்க வாய்ப்பு கம்மி. அடோபி 2017லயே நிறுத்தப் போறோம்னு சொல்லி, 2020 டிசம்பர் 31ஓட நிறுத்தி, 2021 ஜனவரி 12லேருந்து பிளேயருக்குள்ளயே வச்சிருந்த பூட்டு விழற மாதிரி பண்ணிட்டாங்க, கடைசி வெர்ஷன் கையில இருந்தாலும் படம் ஓடாது. உங்க கம்ப்யூட்டர்ல, உங்க சிடியில, நீங்க காசு குடுத்து வாங்கின பாட்ட ஓட விடாம எங்கயோ இருக்கற கம்பெனி பூட்ட முடியுதுன்னா, "நம்பலாமா"ன்னு கேக்கறவங்களுக்கு இதுவும் ஒரு பதில்தான். ஆனா இந்த விஷயத்துல அடோபி மேல எனக்கு முழு கோவம் வராது, ஓட்டை மேல ஓட்டையா இருந்த சாமான், மாசா மாசம் பேட்ச்னு போயிட்டிருந்துச்சு.

உங்க சிடியில வழி இருக்கும். அத திறந்து ஃபைல் லிஸ்ட்ட பாருங்க. படம் ஆடற பெரிய ஃபைல் ஒண்ணு இ.எக்ஸ்.இன்னு முடிஞ்சா, அது ப்ரொஜெக்டர், பிளேயரையும் உள்ளயே அடைச்சு வச்சது, தனியா எதுவும் போடாமலே ரெண்டு தட்டு தட்டினா ஓடலாம், அந்த பூட்டு அதுல கிடையாது. எஸ்.டபிள்யூ.எஃப்னு முடியற ஃபைல்னா ரஃபிள்னு ஒரு ஃப்ரீ சாமான் இருக்கு, ஓப்பன் சோர்ஸ், ஃப்ளாஷ மாதிரியே நடிக்கறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தங்ககிட்ட இருக்கற பழைய ஃப்ளாஷ் கேமெல்லாம் இதுலதான் ஓட்டறாங்க. ரஃபிள் ஆளுங்களோட சொந்த சைட்லேருந்து மட்டும் எடுங்க. அரிச்சுவடி மாதிரி சின்ன அனிமேஷன் அனேகமா ஓடும், பட்டன் நெறைய இருக்கற விளையாட்டுல மட்டும் இங்க அங்க தடுமாறலாம். ஓடிச்சுன்னா ஸ்க்ரீன ரெக்கார்ட் பண்ணி வீடியோவா வச்சிடுங்க, பிள்ளைக்கு ஃபோன்லயே காட்டலாம்.

ஃப்ளாஷ் மாதிரியே மைக்ரோசாஃப்ட் செஞ்ச சில்வர்லைட் பத்தி கேட்ட திருச்சி வாசகருக்கும் இதேதான், அதோட சப்போர்ட் 2021 அக்டோபர்ல முடிஞ்சுது, அத கேக்கற சைட் இன்னும் இருக்குன்னா அந்த சைட்ட விட்டு வெளிய வாங்க.

கேள்வி: பேசாம விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் போட்டுட்டா இந்த டாட் நெட், ஜாவா, ஃப்ளாஷ் தொல்லையே கிடையாதுல்ல?
வாசகர், ஓசூர்

பதில்: தொல்லை குறையும், தீராது. லினக்ஸ் ஆளுங்களுக்குள்ளயே இந்த டாட் நெட்டால பெரிய சண்டை நடந்துச்சு, அது உங்களுக்கு தெரிஞ்சா சுவாரசியமா இருக்கும். மிகேல் டி இகாசான்னு ஒருத்தர் 2001ல மோனோன்னு ஆரம்பிச்சாரு, டாட் நெட்ட லினக்ஸ்ல ஓட வைக்க. நல்லாவே ஓடிச்சு, டாம்பாய்ன்னு ஒரு நோட்ஸ் ஆப் அதுல எழுதினது க்னோம்ங்கற லினக்ஸ் டெஸ்க்டாப்புக்குள்ளயே வந்துடுச்சு. 2009ல, ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்த ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மன், சி ஷார்ப்ப நம்பி ஃப்ரீ சாஃப்ட்வேர் எழுதாதீங்க, நாளைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்டன்ட்ட காட்டி மொத்தத்தையும் நிறுத்தச் சொன்னா என்ன செய்வீங்கன்னு எழுதினாரு. அன்னிக்கு அவரு சொன்னது பயந்தாங்கொள்ளித்தனம்னு சிரிச்சவங்க உண்டு. மைக்ரோசாஃப்ட் அப்படி வழக்கு போடல, மாறா தாங்களே ஓப்பன் பண்ணாங்க, 2024ல மோனோவ, விண்டோஸ் சாஃப்ட்வேர லினக்ஸ்ல ஓட்டற வைன் ஆளுங்ககிட்டயே ஒப்படைச்சுட்டாங்க. அதுக்காக ஸ்டால்மன் கேட்டது தப்பான கேள்வின்னு நான் சொல்ல மாட்டேன், ஜாவா லைசென்ஸ் கதைய மேல படிச்சீங்கல்ல, கம்பெனி வேறங்கறதுதான் வித்தியாசம்.

உங்களுக்கு வேண்டிய நேர் பதில்: பிரவுசர், மெயில், லிப்ரே ஆபீஸ், படம் பாக்கறது இவ்வளவுதான் வேலைன்னா லினக்ஸ் மின்ட் தாராளமா போடுங்க. விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சு 11 ஏறாம நிக்கற கம்ப்யூட்டர் நெறைய வீட்டுல இருக்கு, அதுக்கு இது நல்ல வாழ்வு. மத்திய அரசோட சி டாக் நிறுவனத்துல, நம்ம சென்னையில செஞ்ச பாஸ் லினக்ஸும் இருக்கு. ஆனா கணக்கு சாஃப்ட்வேர், டோக்கன், ஜாதக சிடின்னு ஒண்ணு இருந்தாலும் மொதல்ல பென்டிரைவ்லேருந்தே ஓட்டி பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கேள்வி: டாட் நெட் அப்டேட் ஆனதுலேருந்து டாஸ்க் மேனேஜர்ல டாட் நெட் ரன்டைம் ஆப்டிமைசேஷன் சர்வீஸ்னு ஒண்ணு சி.பி.யூவ 90 பெர்சன்ட் தின்னுது, ஃபேன் சத்தம் தாங்கல. கிரிப்டோ மைனிங் வைரஸா?
வாசகர், வேலூர்

பதில்: அனேகமா இல்ல. அது டாட் நெட்டோட வேலைக்காரன்தான், வந்த புது ஃபைலையெல்லாம் உங்க ப்ராசஸருக்கு ஏத்த மாதிரி முன்கூட்டியே மாத்தி, அதாவது கம்பைல் பண்ணி வைக்குது, அப்புறம் சாஃப்ட்வேர் சீக்கிரம் திறக்கட்டும்னு. சார்ஜர் போட்டு ஒரு அரைமணி விட்டுடுங்க, தானா அடங்கும். அடங்காம தினமும் வந்தா அந்த பேர் மேல ரைட் க்ளிக் பண்ணி ஓப்பன் ஃபைல் லொகேஷன் குடுங்க, மேல சொன்ன விண்டோஸ், மைக்ரோசாஃப்ட் டாட் நெட் ஃபோல்டர் திறந்து, ஃபைல் ப்ராப்பர்டீஸ்ல டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்னு டேப்பும் அதுல மைக்ரோசாஃப்ட் பேரும் இருந்தா அது அதேதான். டெம்ப் ஃபோல்டரோ டவுன்லோட்ஸோ திறந்துச்சுன்னா நெட் ஒயர பிடுங்கிட்டு டிஃபெண்டர்ல ஆஃப்லைன் ஸ்கேன் போடுங்க.